சாடி மிளகாயும் இலைக்குறி ஆராய்ச்சியும்

மிளகாய் இல்லாத தமிழர் சமையலை இன்று எண்ணிப் பார்த்தலும் அரிது. எனினும் இச்செடி நம் நாட்டுக்குத் தொன்றுதொட்டு உரியதன்று. மெக்சிக்கோவிலும் அதனை அடுத்த அமெரிக்க நாடுகளிலும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழங்குடி மக்களாற் பயிரிடப்பட்டு வந்த இது, கொலம்பசு 1492ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்த பின்னரே ஏனைய கண்டங்களுக்குப் பரவலாயிற்று. கீழைத்தேயங்களுக்கு இதனை 16ஆம் நூற்றாண்டிற் கொணர்ந்தவர் போத்துக்கேயர். சங்கநூல்களிற் கறி என்றும் மிளகு என்றும் கூறப்படுவது கொடியிற் காய்க்கும் மிளகேயன்றி இதுவன்று. மிளகைப் போன்று உறைக்குங் காய் ஆதலின் மிளகாய் எனப் பெயரிட்டு, புதிதாக வந்த விருந்தை நம் முன்னோர் வீட்டாருள் ஒருவராக்கிக் கொண்டனர்.

அவ்வாறு வந்த செடி வடபுலத்தாரின் வாழ்வோடு பெரிதும் பிணைந்துவிட்டது. 1970ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டு வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்திற் செத்தல் மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பலரின் நிலையை உயர்த்தின. 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது அதே பயிரால் அவர் நட்டமும் எய்தினர். அண்மையிலோ, 2022ஆம் ஆண்டிற் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, அரச ஊழியர் தத்தம் வீடுகளில் உணவுப் பயிர் செய்தற்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்குந் திட்டத்தை அவ்வாண்டு ஆனி மாதத்தில் அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. நிலமற்றோரும் சாடிகளிலும் உடைந்த வாளிகளிலும் உரப்பைகளிலும் மிளகாய்க் கன்றுகளை நட்டனர். அங்ஙனம் நட்ட பழக்கம் இன்றும் பல வீடுகளில் நிலைத்துள்ளது.

இச்சாடிச் செடிகளுட் பல காய்க்குமுன் கெடுகின்றன. அவற்றுட் கணிசமானவை நோயாற் கெடுவனவல்ல. பொருந்தாத மருந்தாற் கெடுவன. ஓர் இலை மஞ்சளித்தால் ஒருவர் உரம் இடுக என்பர். மற்றொருவர் தண்ணீர் போதாது என்பர். வேறொருவர் நஞ்சு தெளிக்க என்பர். வீட்டார் மூன்றையும் ஒரே கிழமையிற் செய்து முடிப்பர். நோய் இன்னதென அறிந்து, அதற்குரிய காரணத்தைத் தேடி, அதன் பின்னரே பரிகாரத்துக்குச் செல்லல் வேண்டுமெனத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மனிதர்பொருட்டு வகுத்த ஒழுங்கு செடிக்கும் பொருந்துவதாம். அவ்வொழுங்கிலே சாடி மிளகாயின் இலைக்குறிகளை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலை ஏன் முதலில் உணர்த்துகின்றது?

செடியின் உறுப்புக்களுள் இலையே உணவு சமைக்கும் அடுக்களை. காற்றிலிருந்து காபனீரொட்சைட்டும் வேரிலிருந்து நீரும் உப்புக்களும் அங்கே வந்து கூடுகின்றன. ஞாயிற்றின் ஒளி கொண்டு பச்சையம் அவற்றை வெல்லமாக்குகின்றது. அடுக்களையில் ஏதேனும் ஒரு பொருள் குறையின் அது சமையலிற் புலப்படுதல் போல, வேரிலோ மண்ணிலோ நேர்ந்த குறைவும் இலையின் நிறத்திலும் வடிவத்திலும் புலப்படும். ஆகவே இலையிற் காணப்படுவது குறி. காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது. இவ்வேறுபாட்டை மறவாமையே ஆராய்ச்சியின் முதற்படி.

1840ஆம் ஆண்டில் யசுட்டசு வொன் லீபிக் என்னும் செருமானிய இரசாயனவறிஞர், தமக்கு முன் சுபிரெங்கல் என்பார் கண்ட ஓர் உண்மையை உலகறியப் பரப்பினார். செடியின் வளர்ச்சியை வரையறுப்பது மிகுதியாகவுள்ள ஊட்டமன்று. தேவையோடு ஒப்பிடுமிடத்து மிகக் குறைவாகவுள்ள ஊட்டமே என்பது அது. இரும்புக் குறையால் வருந்துஞ் செடிக்கு எவ்வளவு நைதரசன் இட்டாலும் பயனில்லை. ஆதலின், உரம் இடுக என்று கூறுபவரை நோக்கி, எவ்வுரம், எதன் குறைவுக்கு எனக் கேட்டல் நம் கடமையாகும்.

சாடியின் இயல்பு

தோட்டத்து நிலத்தில் நிற்குஞ் செடிக்கும் சாடியில் நிற்குஞ் செடிக்கும் பெரிய வேற்றுமை உண்டு. நிலத்துச் செடி நீரையும் ஊட்டத்தையுந் தேடி வேரைத் தொலைவுக்குச் செலுத்த வல்லது. சாடிச் செடியோ சிறைப்பட்டது. நாம் கொடுப்பதே அதற்கு நீர். நாம் இடுவதே அதற்கு உணவு. அடியில் துவாரம் இல்லையாயின் நாம் ஊற்றிய மிகைநீரிலே அது அமிழ்ந்து கிடத்தல் வேண்டும்.

சாடியின் மண் வெயிலில் விரைந்து சூடேறும், விரைந்து காயும். ஊற்றும் நீரிலுள்ள உப்புக்கள் நீர் ஆவியாகிய பின் மண்ணிலே தங்கிச் சேரும். மண்சாடியின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேற்பரப்பிலும் வெண்மையான பொருக்குப் படிதல் இதற்குச் சான்று. பன்முறை நீர் வடிதலால் நைதரசன் முதலிய கரையும் ஊட்டங்கள் கழுவப்பட்டுப் போதலும் உண்டு. சாடி சிறிதாயின் வேர்கள் சுற்றிச் சுற்றிப் பின்னி மண்ணின் இடத்தையெல்லாம் தாமே கொள்ளும். எனவே மிளகாய்க்கு 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை ஆழமும் அகலமும் உடைய, அடியில் நன்கு துவாரமிட்ட சாடியே தக்கது. சாடி பற்றிய குறைகளை நீக்காமல் இலைக்கு மருந்து தேடுதல் ஓட்டைப் பானையில் நீர் நிறைத்தல் போலாம்.

மஞ்சணிறம்

இலை மஞ்சளித்தல் மிகப் பொதுவான குறி. ஆதலின் மிக எளிதில் தவறாகக் கொள்ளப்படுவதும் அதுவே. இங்கு முதலிற் கேட்க வேண்டிய வினா: மஞ்சளித்தது முதிய இலையா, இளைய இலையா? இவ்வினா இத்துணைச் சிறப்புடையதாதற்குக் காரணம் உண்டு. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் என்பன செடிக்குள் இடம்பெயர வல்லவை. இவை குறையுங்கால், செடி கீழுள்ள முதிய இலைகளிலிருந்து அவற்றை எடுத்து வளரும் முனைக்கு அனுப்பும். பெற்றோர் தம் உணவைக் குழந்தைக்கு ஈதல் போன்றது இது. ஆகவே குறைவு முதலில் கீழிலைகளிற் புலப்படும். இரும்பு, கல்சியம், மங்கனீசு, போரன் முதலியவை அங்ஙனம் எளிதில் இடம்பெயரா. அவை குறையுங்கால் முதிய இலைகள் பசுமையாகவே இருக்க, புதிதாக எழுங் கொழுந்து மட்டும் வருந்தும்.

கீழிலைகள் நரம்பும் இடைவெளியும் என்ற வேறுபாடின்றி ஒருசேர வெளிறி மஞ்சளித்து, செடி முழுவதும் மெலிந்து நிற்பின் அது நைதரசன் குறைவு. கீழிலைகளின் நரம்புகள் பசுமையாக நிற்க, நரம்பிடை வெளிகள் மட்டும் மஞ்சளிப்பின் அது மகனீசியக் குறைவு. பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் மகனீசிய அணு ஒன்று இருத்தலின் அது குறைந்தவிடத்துப் பசுமையும் குறைகின்றது. கீழிலைகளின் ஓரங்கள் மஞ்சளித்துப் பின் கபில நிறமாகக் கருகின் பொற்றாசியக் குறைவு எனக் கொள்க. இலை சிறுத்து, கருமை கலந்த பச்சையாய், சில வேளை ஊதா நிறச் சாயலுங் கொள்ளின் பொசுபரசு குறைவு என ஐயுறலாம்.

மேலுள்ள இளங்கொழுந்துகளின் நரம்புகள் மெல்லிய பச்சை வலை போலத் தோன்ற, இடைவெளி முழுவதும் மஞ்சளாகவோ வெண்மையாகவோ மாறின் அது இரும்புக் குறைவு. யாழ்ப்பாணத்தார் இதனைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். நம் குடாநாடு சுண்ணக்கல்லின்மீது அமைந்தது. அதன் கிணற்று நீர் கல்சியமும் இருகாபனேற்றும் கலந்த வன்னீர். அந்நீரை நாடோறும் பெறுஞ் சாடி மண் காலப்போக்கிற் காரத்தன்மை அடைகின்றது. கார மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது. கரையாததனை வேர் உண்ணாது. களஞ்சியம் நிறைந்திருக்கத் திறப்புக் காணாமற்போன நிலை இது.

இந்நிலையிற் சிலர் துருப்பிடித்த ஆணிகளைச் சாடியிற் புதைப்பர். துருவும் கரையாத இரும்பேயாதலின் இதனாற் பெரும்பயன் இல்லை. வேறு சிலர் அடுப்புச் சாம்பலையும் முட்டையோட்டையும் இடுவர். சாம்பலிற் பொற்றாசியம் உண்டென்பது உண்மையே. ஆயின் அது காரப்பொருளாதலின் இரும்புக் குறைவை மேலும் முற்றச் செய்யும். பொற்றாசியம் மிகுந்தால் வேர் மகனீசியத்தை ஏற்பதும் தடைப்படும். ஒரு குறைவுக்கு நன்றாகும் பொருள் மற்றொரு குறைவுக்குத் தீதாதலை இதனால் அறியலாம். மாரிகாலத்து மழைநீரைச் சேமித்து ஊற்றுதலும், நன்கு உக்கிய எருவை மண்ணிற் கலத்தலும், வேண்டின் செடி ஏற்கத்தக்க வடிவில் விற்கப்படும் இரும்பூட்டத்தை இலையிற் தெளித்தலும் இதற்குரிய பரிகாரங்கள்.

அடியில் உள்ள ஓரிரண்டு இலைகள் மட்டும் மஞ்சளித்து உதிரின் அஞ்சவேண்டியதில்லை. அது முதுமையேயன்றி நோயன்று.

வாட்டம்

வாடிய செடியைக் கண்டவுடன் தண்ணீர் ஊற்றுதல் மக்கள் வழக்கம். ஆயின் வாட்டத்துக்கு நீரின்மையும் காரணமாகலாம். நீர் மிகுதியும் காரணமாகலாம். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் நுண்டுளைகள் எல்லாம் நீரால் நிரம்பின் ஒட்சிசன் கிடையாது. ஒட்சிசன் இன்றி வேர் நீரை உறிஞ்ச இயலாது. எனவே நீருள் நிற்குஞ் செடி நீரின்றி வாடும். இம்முரண்பாட்டை அறியாதார் மேலும் நீர் ஊற்றி வேரை அழுகச் செய்வர்.

இதனைத் தெளியும் வழி எளிது. விரலை மண்ணுள் 2 அல்லது 3 சென்ரிமீற்றர் அளவுக்குச் செலுத்துக. மண் உலர்ந்திருப்பின் நீரின்மை. ஈரமாயிருந்தும் செடி வாடின் வேரிலே குற்றம். சாடியைச் சரித்துச் செடியை மண்ணோடு மெல்ல வெளியே எடுத்துப் பார்ப்பின், நல்வேர் வெண்மையாயும் உறுதியாயும் இருக்கும். அழுகிய வேர் கபில நிறமாய்த் தொட்டவுடன் தோல் கழன்று தீநாற்றம் வீசும். நண்பகல் வெயிலில் மட்டும் இலை தளர்ந்து மாலையில் நிமிரின் அது ஆவியுயிர்ப்பின் மிகுதியாலாவது. இதனை நோயெனக் கொள்ளலாகாது. காலையிலும் நிமிராத வாட்டமே கவலைக்குரியது.

மண் ஈரமும் அளவாக இருக்க, இலைகள் பச்சை நிறம் மாறுமுன்னரே செடி சில நாட்களுள் திடீரென வாடின் பற்றீரியா வாடல் நோயை ஐயுறுக. இதனை உண்டாக்கும் நுண்ணுயிரை 1896ஆம் ஆண்டில் எர்வின் சிமிது என்னும் அமெரிக்க அறிஞர் விவரித்தார். இதற்கொரு சோதனையை மாணவர் எவரும் செய்யலாம். அடித்தண்டில் ஒரு சிறு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அதன் ஒரு முனை நீருட் படும்படி தொங்க விடுக. நோய் உண்டாயின் சில நிமிடங்களில் வெட்டு முகத்திலிருந்து பால் போன்ற மெல்லிய இழைகள் நீருள் இறங்குதலைக் காணலாம். இழைகள் காணப்படின் செடியைப் பிடுங்கி அழித்தலும், அச்சாடி மண்ணை மீண்டும் மிளகாய், கத்தரி, தக்காளி என்பவற்றுக்குப் பயன்படுத்தாமையுமே வழி. இம்மூன்றும் ஒரே குடும்பத்தன ஆதலின் ஒன்றன் நோய் மற்றொன்றையும் பற்றும்.

சுருளல்

மிளகாய் பயிரிடுவோர் பெரிதும் அஞ்சுங் குறி இலைச் சுருளலாம். இஃது ஒரு நோயன்று. பல காரணங்களின் பொதுவான வெளிப்பாடு. சுருளும் திசையையும் இலையின் கீழ்ப்புறத்தையும் நோக்கி இவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

இலையின் இரு ஓரங்களும் மேனோக்கி மடிந்து, இலை ஒரு வள்ளம் போலத் தோன்றின் அது பெரும்பாலும் பனிப்பூச்சியின் செயல். ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நீளமுள்ள இம்மெல்லிய பூச்சி கொழுந்திலைகளைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். அவ்விலைகளின் கீழ்ப்புறம் வெள்ளி போலவோ வெண்கலம் போலவோ மினுங்கும். வறண்ட காலத்தில் இதன் தொல்லை மிகும். இலை கீழ்நோக்கி வளைந்து கவிழ்த்த வள்ளம் போலாகி, குறுகி, காம்பு நீண்டு, தடித்து எளிதில் முறியுந் தன்மை பெறின் அது சிற்றுண்ணியின் செயல். இது பூச்சியன்று, சிலந்தியின் இனத்தது. 0.2 மில்லிமீற்றர் அளவினதாதலின் வெறுங்கண்ணுக்குப் புலனாகாது, கைவில்லை வேண்டும்.

கொழுந்துகளில் பச்சை அல்லது கருநிறச் சிறு பூச்சிகள் கூட்டமாக மொய்த்து, இலை நெளிந்து, ஒட்டுந்தன்மையுள்ள இனிய நீர் படிந்து, எறும்புகள் ஏறி இறங்கின் அழுக்கணவன் உண்டென அறிக. எறும்பு அங்கு வருவது செடியைத் தின்பதற்கன்று. அவ்வினிய நீரை உண்டு அழுக்கணவனைக் காத்தற்பொருட்டு. அந்நீரின்மேற் பின்னர்க் கரிபோன்ற பங்கசு படரும்.

செடியை அசைத்தவுடன் வெண்ணிறச் சிறு ஈக்கள் எழுந்து பறப்பின் அது வெண்ஈ. இது சாற்றை உறிஞ்சுதலினும் பெரிய தீங்கைச் செய்வது. இலைச்சுருள் வைரசை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் காவிச் செல்வது இதுவே. வைரசு பற்றிய செடியின் இலைகள் சிறுத்து, சுருங்கி, நரம்பிடை மஞ்சளித்து, கணுவிடைகள் குறுகி, தலைப்பகுதி கொத்தாகும், பூக்கள் உதிரும், செடி குட்டையாகவே நின்றுவிடும்.

வைரசு என்னும் கருத்தே இலைக்குறி ஆராய்ச்சியிற் பிறந்ததென்பது நம் மாணவர் அறியத்தக்கது. புகையிலையின் இலைகளிற் பச்சையும் மஞ்சளுமாகத் தோன்றிய நோய்க்கு 1886ஆம் ஆண்டில் அடொல்பு மேயர் சித்திரவடிவ நோய் எனப் பெயரிட்டார். 1892ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் இவனோவுசுக்கி, பற்றீரியாவைத் தடுக்கும் நுண்வடியில் நோயிலையின் சாற்றை வடித்த பின்னும் அது நோய் உண்டாக்குதலைக் கண்டார். 1898ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞர் பேயரிங்கு அது பற்றீரியாவின் வேறான ஒரு நோய்ப்பொருள் எனத் துணிந்தார். ஓர் இலையின் நிறமாற்றத்தைக் கூர்ந்து நோக்கியதன் பயனாக ஓர் அறிவுத்துறையே தோன்றிற்று. அப்புகையிலை வைரசு மிளகாயையும் பற்றுவது. தொட்ட கையாலும் வெட்டிய கத்தியாலும் பரவுவது. ஆகவே சுருட்டையும் புகையிலையையும் தொட்டவர் சவர்க்காரத்தாற் கைகழுவிய பின்னரே கன்றுகளைத் தொடல் வேண்டும்.

பூச்சியாற் சுருண்டதா, வைரசாற் சுருண்டதா என்னும் ஐயம் எழின் காலமே நடுவராகும். முன்னர்ச் சுருண்டு முதிர்ந்த இலை எம்மருந்தாலும் விரியாது; ஆதலின் அதனைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை எனக் கொள்ளலாகாது. பூச்சியை நீக்கி இரண்டு மூன்று கிழமை பொறுத்து, புதிதாக எழும் இலைகளை நோக்குக. அவை நேராக விரியின் காரணம் பூச்சியே. அவையும் சுருண்டே பிறப்பின் வைரசு எனத் துணியலாம். வைரசு பற்றிய செடியைக் குணமாக்கும் மருந்து இல்லை. அதனை இரக்கத்தால் வைத்திருத்தல், அயலிலுள்ள கமக்காரனின் தோட்டத்துக்கு நோயை வளர்த்துக் கொடுப்பதாகும்.

புள்ளியும் கருகலும்

நடுவிற் சாம்பல் நிறமும் சுற்றிலுங் கருங்கபில வளையமும் உடையதாய்த் தவளைக்கண் போன்ற வட்டப்புள்ளி பங்கசால் உண்டாவது. முதலில் நீர் ஊறியது போன்ற சிறு புள்ளியாய்த் தோன்றி, பின் கபில நிறமாகி, சுற்றிலும் மஞ்சளித்து, இலையை உதிர்க்குமது பற்றீரியாவால் ஆவது. இவ்விரண்டும் இலை நீண்ட நேரம் நனைந்திருக்குங்காற் பரவுவன. ஆகவே மாலையிற் செடியின் தலைமேல் நீர் தெளிக்கும் வழக்கத்தை விட்டு, காலையில் அடியில் ஊற்றுதல் வேண்டும். இலையின் மேற்புறத்தில் மஞ்சட் படைகளும் அவற்றுக்கு நேரே கீழ்ப்புறத்தில் வெண்பொடியும் காணப்படின் அது வெண்பூஞ்சண நோய். வறண்ட காலத்தும் வருவது.

புள்ளியன்றி நுனியும் ஓரமும் மட்டும் எரிந்தாற்போற் கருகி, மண்மேல் வெண்பொருக்கும் காணின் உப்பு மிகுதியை அல்லது உர மிகுதியை ஐயுறுக. பொற்றாசியக் குறைவும் ஓரத்தைக் கருக்குமன்றோ எனின், ஆம். அது கீழிலையில் மெல்லத் தொடங்குவது, இது உரமிட்ட சில நாட்களுள் விரைந்து வருவது என்க. இங்ஙனம் காலமும் ஒரு சான்றாகின்றது. நிழலில் வளர்ந்த கன்றைத் திடீரெனக் கடுவெயிலில் வைப்பின், ஞாயிற்றை நோக்கிய இலைகளில் மட்டும் வெளிறிய கடதாசி போன்ற படைகள் தோன்றும். அது வெயிற்சுடு, நாட்செல்ல நாட்செல்ல வெயிலைக் கூட்டிப் பழக்குதலே அதற்கு மருந்து.

ஆராயும் ஒழுங்கு

மேற்கூறியவற்றை மனனம் பண்ணுதலினும் ஓர் ஒழுங்கில் வினாவப் பழகுதல் நன்று. அவ்வொழுங்கு வருமாறு:

1. குறி முதிய இலையிலா, இளைய இலையிலா, இரண்டிலுமா?
2. அது இலையின் இருபாதியிலும் ஒத்துள்ளதா, ஆங்காங்கே ஒழுங்கின்றி உள்ளதா? ஊட்டக் குறைவு பெரும்பாலும் ஒத்துத் தோன்றும். பூச்சியும் தொற்றுநோயும் ஒழுங்கின்றித் தோன்றும்.
3. இலையின் கீழ்ப்புறத்தில் யாது உளது? வெண்கடதாசியின்மேற் கொழுந்தைத் தட்டின் பனிப்பூச்சியும் பிறவும் விழுந்து ஊர்தலைக் காணலாம்.
4. மண் எவ்வளவு ஆழத்துக்கு ஈரமாயுள்ளது? நீர் வடிகின்றதா? வேரின் நிறம் யாது?
5. சென்ற இரு கிழமைக்குள் உரம், இடமாற்றம், மருந்து, புதுமண் என்பவற்றுள் எது நேர்ந்தது? களைநாசினி தெளித்த கருவியையே செடிக்கும் பயன்படுத்தியதுண்டா? அதன் எச்சமும் இலையை முறுக்கும்.
6. அயலிலுள்ள பிற செடிகளிலும் இக்குறி உண்டா?

இவ்வாறும் வினாவி முடிவதற்கு ஐந்து நிமிடம் போதும். இவற்றுக்கு விடை கண்ட பின் பல காரணங்கள் தாமே விலகிப்போக, ஒன்றோ இரண்டோ எஞ்சும். எஞ்சியவற்றுள் எது என்பதைத் துணிதற்கு ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். நீரையும் உரத்தையும் இடத்தையும் ஒருங்கே மாற்றின், செடி தேறினும் எதனால் தேறியதென அறிய முடியாது. கெடினும் எதனாற் கெட்டதென அறிய முடியாது. ஒரே வயதுடைய இரு செடிகளுள் ஒன்றை மாற்றி மற்றொன்றை மாற்றாது வைத்து ஒப்பிடின் இன்னும் நன்று. விஞ்ஞான ஆய்வுகூடத்திற் கட்டுப்பாடு என நாம் கற்பிப்பது இதுவேயாம்.

பரிகாரம்

பரிகாரம் எளியதிலிருந்து தொடங்குதல் முறை. அழுக்கணவன், வெண்ஈ, சிற்றுண்ணி என்பன சிறிதளவாயின் இலையின் கீழ்ப்புறத்தை நீராற் பீச்சிக் கழுவுதலே பெரும்பாலும் போதும். அதனால் அடங்காவிடின் ஓர் இலீற்றர் நீரில் 5 கிராம் மென்சவர்க்காரத்தைக் கரைத்துத் தெளிக்கலாம். வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து ஓர் இலீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்துத் தெளித்தலும் நன்று. சிற்றுண்ணிக்கும் வெண்பூஞ்சணத்துக்கும் நீரிற் கரையும் கந்தகத்தூள் ஏற்றது. கடுவெயிலில் தெளிப்பின் அதுவே இலையைச் சுடும். எதனையும் மாலையிலே, முதலில் ஓரிரண்டு இலைகளிற் சோதித்துத் தெளித்தல் வேண்டும். மஞ்சணிற ஒட்டட்டை வெண்ஈயையும், நீலநிற ஒட்டட்டை பனிப்பூச்சியையும் கவர்ந்து பிடிக்கும். உப்பு மிகுந்த சாடியில் துவாரம் வழியே நன்கு வடியுமாறு மழைநீரைப் பன்முறை ஊற்றிக் கழுவுக. மகனீசியக் குறைவுக்கு ஓர் இலீற்றர் நீரில் 4 அல்லது 5 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து மண்ணில் ஊற்றுக.

கடைகளில் விற்கும் வன்னஞ்சுகளை வீட்டுச் சாடிக்குத் தெளித்தல் தகாது. சாடிச் செடியின் காய் காலையிற் பறிக்கப்பட்டு நண்பகலிற் சம்பலாவது. நஞ்சு கழிதற்குரிய காலத்தை எவரும் எண்ணிக் காத்திருப்பதில்லை. சாற்றை உறிஞ்சும் பூச்சிகளை உண்டு நம்மைக் காக்கும் பொறிவண்டுகளும் அந்நஞ்சால் மாளும். உரமும் அளவு கடந்தாற் கேடே. வலிகாமத்தின் மண்ணூடாகவும் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடாகவும் இறங்கும் நீர் நம் கிணறுகளையே சென்றடைகின்றது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடக்கப்பட்டுள்ளமை ஆய்வுகளாற் புலனாயிற்று. இதற்கு உரமும் எருவும் மலக்கழிவும் காரணங்கள். ஒரு சாடியின் உரம் சிறிதேயாயினும், ஆராயாது இடும் வழக்கம் சாடியோடு நில்லாது தோட்டத்துக்கும் செல்லும். ஆராய்ந்து இடும் வழக்கமும் அவ்வாறே செல்லும்.

முடிவாக ஒன்று கூறுவாம். நம் மாணவருட் பலர் மருத்துவராகவும், பொறியியலாளராகவும், விவசாய உத்தியோகத்தராகவும், கமக்காரராகவும் ஆவர். அவருட் பெரும்பாலார்க்கு இலையின் நரம்பிடை மஞ்சளித்தல் பிற்காலத்தில் நினைவில் இராது போகலாம். ஆயின் குறியையும் காரணத்தையும் வேறு பிரித்தல், ஒன்றுபோற் தோன்றுவனவற்றின் வேற்றுமை காணல், ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல், விடை வருமட்டும் பொறுத்திருத்தல் என்னும் இந்நான்கும் எத்தொழிலிலும் வேண்டப்படுவன. இவற்றைக் கற்பித்தற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு சாடியும், ஒரு பிடி மிளகாய் விதையும், ஒரு கைவில்லையும், நாடோறுங் கண்டதை எழுதி வைக்க ஓர் அப்பியாசப் புத்தகமும் போதும். வகுப்புத்தோறும் சாளரத்தருகே இரண்டு சாடிகள் இருக்குமாயின், இலையைக் கண்டவுடன் நஞ்சைத் தேடும் கைகள் முதலில் இலையைத் திருப்பிப் பார்க்கப் பழகும்.